லமாரா கிரிகேலியின் வேர்க் குறிப்பேடு

1999 நவம்பர் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, யூத மதகுருமார்களான ரப்பிகளின் மன்றத்தில் லமாரா கிரிகேலி மூன்று முறை "ஆம்" என்று சொன்னாள். மூன்றும் அவளுக்குப் புரியாத கேள்விகளுக்கான விடைகள். கேள்வி கேட்டவர் நரைத்த தாடி வைத்த நீதிபதி. அதை எபிரேயத்திலிருந்து ஜார்ஜிய மொழிக்கு மாற்றிச் சொல்ல வந்தவன் அவள் கணவன் குராமின் ஒன்றுவிட்ட தம்பி. ஆமென்று தலையாட்டினால் விவாகரத்து கிடைத்துவிடும் என்று அவன் சொல்லியிருந்தான். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்த தாளோ, கணவனோடு சமாதானமாகச் சேர்ந்து வாழ முயல்வதற்கு மனைவி மனமுவந்து ஒப்புக்கொண்டாள் என்று தெரிவித்தது.

அவளுடைய கதையை எழுத எனக்கு மூன்று ஆதாரங்கள் உள்ளன: லமாராவின் குறிப்பேடு, அவள் படித்த எபிரேய வகுப்பின் வருகைப் பதிவேடு, அவளே பல நாட்களில் சொன்னவை. மூன்றும் முரண்படும் இடங்களில் குறிப்பேட்டையே நம்பியிருக்கிறேன். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி உண்டு.

லமாரா ஜார்ஜியாவின் குத்தாயிஸி நகரில் பிறந்தவள். 1994இல் கணவன் குராமோடும் அண்ணன் தெங்கிஸோடும் இஸ்ரேலின் துறைமுக நகரான அஷ்தோதுக்கு வந்து குடியேறினாள். முதல் ஐந்து ஆண்டுகள் அவளுக்கு எபிரேயம் தேவைப்படவில்லை. தெருவில் ஜார்ஜிய மொழி போதுமானதாக இருந்தது. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், அவள் வேலை பார்த்த இடத்தில், எல்லோரும் ரஷ்ய மொழி பேசினார்கள். வங்கிக்கும் நகராட்சிக்கும் மருத்துவரிடத்துக்கும் குராம் போனான். "நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு அந்த மொழி?" என்பான். 1998 கோடையில் அவன் நெத்தன்யாவில் வேறொருத்தியோடு குடியேறியபோது லமாராவிடம் எஞ்சியிருந்தவை ஒரு துணி அலமாரி, மாமியாரின் சட்டமிட்ட படம், எபிரேயத்தில் ஏறக்குறைய நாற்பது சொற்கள்.

யூதச் சட்டப்படி மணவிலக்கு என்பது ஒரு தாள். அதற்கு 'கெத்' என்று பெயர். கணவன் அதைத் தன் விருப்பத்தோடு மனைவியின் கைகளில் இட வேண்டும். அவன் கொடுக்காதவரை, எத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்தாலும் அவள் அவனுடைய மனைவிதான். குராமுக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. நெத்தன்யாக்காரிக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைமேல் எந்தக் கறையும் விழாது. லமாராவுக்கு வேறொருவனால் பிள்ளை பிறந்தால் விழும். வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாயுமுன் ஓய்வுநாள் விளக்கேற்றும் பெண் அவள். அந்தக் கறையைத் ரப்பிகளின் சங்கதி என்று ஒதுக்கிவிட அவளால் முடியவில்லை. அவளுக்குப் பிள்ளை வேண்டும். அப்போது வயது முப்பத்தைந்து.

மன்றத்திலிருந்து வந்த தாளை எடுத்துக்கொண்டு, குடியேறியவர்களுக்கான மாலை நேர எபிரேய வகுப்புக்கு அவள் போனது டிசம்பர் ஐந்தாம் தேதி. வகுப்பு நடத்திய கெயுலா ஏமனிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவள், லமாராவின் வயதுதான். அரைகுறை ரஷ்ய மொழி தெரியும்.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

"டீச்சர் கீச்சர்லாம் வேண்டாம், கப்பாரா. எம் பேரு கெயுலா. இந்த ஊர்ல பிரதமரையே பேர் சொல்லித்தான் திட்டுறோம்." கப்பாரா என்பது அவள் மாணவர்கள், பேருந்து ஓட்டுநர், கீரை விற்பவர் என எல்லோருக்கும் பொதுவாக வழங்கும் செல்லச் சொல். தாளை இருமுறை படித்தாள். "நீ சரின்னு சொன்னியா?"

"தலையாட்டுனேன்."

"மொழிபெயர்த்தது யாரு?"

"அவரோட தம்பி."

"ரொம்ப நல்லாயிருக்கு. அப்போ உன் புருஷனே உனக்கும் சேர்த்துப் பேசிக்கிட்டான். நீ சும்மா பக்கத்துல நின்னுருக்க."

லமாரா தாளை மடித்தாள். "அங்க நானா நின்னு பேசணும்னா எத்தனை வார்த்தை தெரியணும்?"

"வார்த்தையை எண்ணாத, முடியாது. வேரை எண்ணு. நாள் முழுக்க என்ன வேலை பண்ற?"

"துணி வெளுக்கிறேன்."

கெயுலா கரும்பலகையில் மூன்று எழுத்துகளை இடைவெளி விட்டு எழுதினாள். எபிரேயத்தில் பெரும்பாலான சொற்கள் இப்படி மூன்று மெய்யெழுத்துகளாலான ஒரு வேரிலிருந்து கிளைப்பவை. "இது வெளுக்கிறது. இதுல இருந்து க்விஸா, அழுக்குத்துணி சலவை. முன்னால ஒரு 'மி' போடு, மிக்பஸா, நீ வேலை பார்க்குற சலவைக்கூடம். எலும்பு அதேதான், சட்டையை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கும். எலும்பைப் பார்க்கக் கத்துக்க."

குறிப்பேட்டின் முதல் பக்கம் அதுதான். உச்சியில் மூன்று எழுத்துகள், வலது மூலையில் தேதி, கீழே சொற்கள், சொற்களுக்கு நேரே ஜார்ஜிய மொழியில் பொருள். கடைசிப் பக்கம்வரை இந்த ஒழுங்கு மாறவில்லை. இரண்டாம் பக்கம் எழுதுதல் என்னும் வேர். அதில் மூன்று சொற்கள் உள்ளன: மிக்தாவ், அதாவது கடிதம்; கெதுபா, திருமண ஒப்பந்தம்; கெதோவெத், முகவரி. பக்கத்தின் அடியில் அவள் தனக்காக எழுதிக்கொண்ட ஒரு வரி: "கடிதம் வந்தது. ஒப்பந்தம் அலமாரியில் இருக்கிறது. முகவரிதான் இல்லை." குராம் அப்போது நெத்தன்யாவில் வீடு மாறியிருந்தான். மன்றம் அனுப்பிய அழைப்புகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

அவள் வேகமாகக் கற்றாள். அந்த வேகத்தில் இல்லாத சொற்களையும் செய்தாள். சமைக்கும் வேரிலிருந்து சமையலறைக்குப் பெயர் வருகிறது, வெளுக்கும் வேரிலிருந்து சலவைக்கூடத்துக்குப் பெயர் வருகிறது, எனவே அழும் வேரிலிருந்தும் ஓர் இடத்துக்குப் பெயர் வர வேண்டும் என்று முடிவுசெய்து 'மிவ்கா' என்றொரு சொல்லை உண்டாக்கினாள். சலவைக்கூடத்தில் விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. வேலைக்கு நடுவே அழ வேண்டியிருந்தால் பெண்கள் அங்கேதான் போவார்கள். மேற்பார்வையாளர் ஒரு நாள் அவளைத் தேடியபோது, "மிவ்காவுல இருந்தேன்" என்றாள். அவர் எங்கே என்று கேட்கவில்லை. சொல் இல்லாவிட்டாலும் பொருள் விளங்கிவிட்டது. ஒரு மாதத்துக்குள் சலவைக்கூடம் முழுவதும் அந்தச் சொல் பரவியது. "பத்து நிமிஷம் மிவ்கா, வந்துடுறேன்" என்று பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். கெயுலா இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ரெண்டாயிரம் வருஷமா எங்க ஆளுங்க அழுதுக்கிட்டே இருந்துருக்காங்க, அதுக்கு ஒரு ரூம் கட்டணும்னு யாருக்கும் தோணல பாரு!"

2000 முதல் 2002 முடிய மன்றத்தில் ஏழு விசாரணைகள். குராம் வந்தது இரண்டுக்கு மட்டும். மூன்றாம் விசாரணையிலிருந்து லமாரா மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றாள். சேர்ந்து வாழ ஒப்புக்கொண்ட பதிவை நீக்கும்படி அவளே கேட்டாள், நீக்கினார்கள். மணவிலக்குக் கொடுப்பது நல்லது என்று மன்றம் குராமுக்குப் பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டளை அல்ல. வந்த இரண்டு முறையும் அவன் ஒரே பதிலைச் சொன்னான்: "எனக்கு என் பொண்டாட்டி வேணும் ஐயா. வீட்டுல இடம் காலியாத்தான் இருக்கு." இரண்டாம் முறை சொன்னபோது அவன் வீட்டில் நெத்தன்யாக்காரி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

நான்காம் விசாரணை முடிந்து அடுத்த தேதி குறிக்கும்போது, எழுத்தர் நிமிராமலே, "நீங்க அகுனாதானே?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியாத சொல். ஆனால் மூன்று எழுத்துகளையும் அவளால் பிரித்தெடுக்க முடிந்தது. வகுப்பில் அவற்றைச் சொன்னதும் கெயுலா கரும்பலகையில் எழுதினாள்.

"ஓகன்னு ஒரு வார்த்தை இருக்கு. நங்கூரம். தினமும் துறைமுகத்துப் பக்கமாத்தான வர, பார்த்திருப்ப. அதே வேர்தான். கெத் கிடைக்காம மாட்டிக்கிட்டவளுக்கு அகுனான்னு பேரு."

"நங்கூரம் கப்பலுக்கு நல்லதுதானே?"

"கப்பலுக்கு நல்லதுதான்."

"இங்க கப்பல்காரன் நங்கூரத்தை இறக்கிட்டு, எறங்கி, வேற கப்பல்ல ஏறிப் போயிட்டான்."

வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லமாரா சிரிக்கவில்லை, தேதியைப் போட்டு அந்தப் பக்கத்தை எழுதி முடித்தாள்.

சலவைக்கூடத்தின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அல்பேர் அவள் வாழ்வில் வந்தது 2001இல். மனைவியை இழந்தவர், மொராக்கோவிலிருந்து வந்தவர்களின் பிள்ளை, நாற்பத்து மூன்று வயது. நின்றுபோன உலர்த்தியை உதைத்து, "ஏ மம்ஸேர், ஓடுறா!" என்று செல்லமாகத் திட்டுவார். அந்தச் சொல்லுக்கு வேர் என்ன என்று லமாரா அவரிடம் கேட்டாள். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. மறுநாள் வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்தார். அதன்பிறகு இருவரும் மதிய உணவை ஒரே மேசையில் உண்டார்கள். கெத் வரும்வரை அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் ஒப்புக்கொண்டார்.

2002 பிப்ரவரியில் அவள் மருத்துவரைப் பார்த்தாள். பிள்ளை வேண்டுமென்றால் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு என்றார் அவர். அன்றைய தேதியிட்ட பக்கத்தில் இரண்டே சொற்கள். ரெஹெம், கருப்பை. ரஹமீம், இரக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்று. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்துச் சொற்களையாவது தேடிச் சேர்ப்பவள், அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை.

அந்தக் கோடையில்தான் அவள் கெயுலாவிடம், மன்றத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு வேரைப் பற்றிக் கேட்டாள். வற்புறுத்தலைக் குறிக்கும் வேர் அது. அதிலிருந்து வருவது அனூஸ் என்ற சொல்: பலவந்தத்துக்கு ஆளானவன்.

"முக்கியமான வேர் இது" என்றாள் கெயுலா. "புருஷனை யாராவது அடிச்சோ மிரட்டியோ கெத் வாங்குனா, அது கெத்தே இல்ல. வெறும் காகிதம். அதை நம்பி நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரு பிள்ளை பெத்தேன்னு வை, அந்தப் பிள்ளை மம்ஸேர்."

"அல்பேர் மெஷினைத் திட்டுறது?"

"திட்டுறது வேற, கப்பாரா. ரப்பி சொன்னா வேற. அந்தப் பிள்ளைக்கு நம்ம ஆளுங்கள்ல எவனும் பொண்ணு குடுக்க மாட்டான், எடுக்க மாட்டான். அதோட பிள்ளைக்கும் அதே கதி. வழிவழியா."

லமாரா இந்தப் பக்கத்தைத் தெளிவாக எழுதி, அண்ணனுக்கும் படித்துக் காட்டியிருக்க வேண்டும். எழுதினாள்; காட்டவில்லை. தெங்கிஸ் சரக்கு லாரி ஓட்டுபவர், வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். எபிரேயத்தை அவர் ஒரு மொழியாகவே மதிக்கவில்லை. தொழுகைக்கு ஒன்று, போக்குவரத்துக் காவலருக்கு ஒன்று என இரண்டு வாக்கியம் தெரிந்தால் போதும் என்பார்.

2003 மே மாதம் குராமின் வழக்கறிஞரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் கட்சிக்காரர் கெத் கொடுக்கச் சம்மதிக்கிறார், நிபந்தனை ஏதும் இல்லை. லமாரா அதை எழுத்தெழுத்தாக, யாருடைய உதவியும் இல்லாமல் படித்தாள். ஏன் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இணங்கினான் என்று அவள் யோசிக்கவில்லை. அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மனம் இளகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். அல்பேரிடம் கடிதத்தைக் காட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதை வாங்கினார்.

மே இருபத்தேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் மன்றத்தில் இருந்தார்கள். குராமின் இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. தலைமை நீதிபதி அதைக் கவனித்தார்.

"கைக்கு என்னப்பா?"

"கார் கதவு நசுக்கிடுச்சு ஐயா."

கெத் முன்கூட்டியே அச்சடித்து வைக்கப்படுவது அல்ல. அந்தக் கணவனுக்கும் அந்த மனைவிக்குமென, அன்றைய தேதியில், எழுத்தர் இறகுப் பேனாவால் பன்னிரண்டு வரிகள் எழுத வேண்டும். எழுதி, மை உலர்ந்து, சாட்சிகள் கையெழுத்திட ஒன்றரை மணி நேரம் ஆகும். லமாராவும் தெங்கிஸும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தெங்கிஸ் அன்றைக்கென்று சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எப்படி ஒத்துக்கிட்டான்னு நீ கேக்கவே இல்லையே."

"குழந்தை பொறந்திருக்கு. அதனால இருக்கும்."

"ஆமாமா, குழந்தை!" தெங்கிஸ் குரலைத் தாழ்த்தினார். "நெத்தன்யாவுக்கு லோடு எடுத்துட்டுப் போனேன். கடைக்குப் பின்னாடி பெட்டி அடுக்கிட்டு இருந்தான். கையைப் பிடிச்சு முறுக்கினேன். ரெண்டு விரல் முறியிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. மன்றத்துக்கு வந்து குடுக்கலேன்னா மிச்சம் எட்டு விரல் இருக்குடான்னு சொன்னேன். நாலு வருஷமா இந்தத் தாடிக்காரங்க செய்யாததை நாலு நிமிஷத்துல முடிச்சேன் பாரு."

லமாரா எழுந்து நின்றாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீ என்ன பண்ணியிருக்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்னைப் பார்த்துக்கிறேன்னு அம்மாவுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தியிருக்கேன்."

"அடிச்சு வாங்குனா அது செல்லாது. பொறக்கிற பிள்ளைக்குத்தான் கேடு. நான் படிச்சிருக்கேன்ணே, சட்டமே அப்படித்தான்."

"செல்லாதுன்னு யாருக்குத் தெரியப்போகுது? அவன் வாயைத் திறக்க மாட்டான். நான் பார்த்துக்கிறேன்."

"இன்னிக்குத் திறக்க மாட்டான். நாளைக்கு எனக்குக் குழந்தை பொறந்ததும் வந்து திறப்பான். அஞ்சு வயசுல வந்து திறப்பான். அதுக்குக் கல்யாணம் பேசும்போது வந்து திறப்பான். சாகுற வரைக்கும் அது கழுத்துல அவன் கை இருக்கும்ணே."

"நீ கண்டதையும் படிச்சுப் படிச்சுத்தான் இப்படி ஆயிட்ட" என்றார் தெங்கிஸ். "உள்ள போய் கையை நீட்டு. வாங்கிட்டு வா. வாயை மூடிக்கிட்டு இரு. கும்பிட்டுக் கேக்கிறேன்."

தாழ்வாரத்தின் மறுமுனையில் குராம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் தங்களைப் பார்க்கவே இல்லை என்பதை லமாரா அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து ஒரு முறைகூட அவன் தெங்கிஸ் இருந்த பக்கம் திரும்பவில்லை.

பத்தே முக்காலுக்கு உள்ளே அழைத்தார்கள். சாட்சிகள் இருவர், எழுத்தர், மூன்று நீதிபதிகள்; தெங்கிஸ் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வாசித்தார்கள். பெயர்களைச் சரிபார்த்தார்கள். தலைமை நீதிபதி குராமைப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கெத்தை உன் சொந்த விருப்பத்தோட குடுக்கிறியா? யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலையே?"

"இல்ல ஐயா. என் விருப்பம்தான்."

லமாராவின் விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. இரு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டச் சொன்னார்கள்; நீட்டினாள். குராம் மடித்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து நின்றான். இன்னும் ஒரு சாண் தூரம்.

"லமாரா, நீயும் விருப்பத்தோடதான் வாங்கிக்கிற. இல்லையாம்மா? இந்த மன்றம் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

அது ஒரு வழக்கமான கேள்வி. ஒவ்வொரு நாளும் கேட்கப்படுவது. ஒவ்வொரு பெண்ணும் இல்லை என்று சொல்வது. லமாரா கைகளைக் குவித்தபடியே நின்றாள். சாட்சிகளில் ஒருவர் இருமினார்.

"ஐயா, அவர் விருப்பத்துல குடுக்கல."

"என்னம்மா சொன்ன?"

"அவர் அனூஸ். எங்க அண்ணன் அவர் விரலை உடைச்சிருக்கான். மிச்சத்தையும் உடைப்பேன்னு சொல்லியிருக்கான். கார் கதவு இல்ல."

பின்னால் தெங்கிஸின் நாற்காலி சாய்ந்து விழுந்தது. நீதிபதி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அவர் முகத்தில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது என்று லமாரா சொன்னாள்.

"நீ சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? நிதானமா யோசிச்சுச் சொல்லும்மா. ஜார்ஜியா பாஷை தெரிஞ்ச ஒருத்தர் கீழ இருக்காரு. கூப்பிடவா?"

"வேண்டாம் ஐயா. நான் சொன்னது எனக்குப் புரியுது."

தெங்கிஸை வெளியே அனுப்பினார்கள். நீதிபதி குராமிடம் மறுபடி கேட்டார். குராம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம் ஐயா, அவங்க அண்ணன்தான்" என்றான். மூன்று நீதிபதிகளும் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு தலைமை நீதிபதி எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, குராமின் அருகே நின்றார்.

"கவனமாக் கேளு. அந்த ஆளை நாங்க பார்த்துக்கிறோம். அவன் இனிமே உன் கிட்ட வரமாட்டான். போலீஸுக்கும் சொல்லிடுறோம். இப்போ உன்னை யாரும் எதுவும் பண்ண முடியாது. வாய் மூடியிருந்தா இவளுக்கு இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆனாலும் உண்மையைச் சொல்லியிருக்கா. இதெல்லாம் பார்த்த பிறகு, உன் சொந்த விருப்பத்துல, இப்போ குடுக்கிறியா? எழுத்தர் இன்னொண்ணு எழுதுவாரு. சாயங்காலம் வரைக்கும் ஆனாலும் நாங்க எல்லாரும் உட்கார்ந்திருக்கோம்."

அந்தக் கணத்தில் அவன் கொடுத்துவிடுவான் என்று லமாரா நம்பினாள். எழுத்தரும் நம்பியிருக்க வேண்டும். புதிய தாளொன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அவளுடைய கைகள் இன்னும் குவிந்தே இருந்தன. இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

குராம் முதன்முறையாக அவளைப் பார்த்தான்.

"இத்தனை வருஷமா இவளுக்கு நான்தான் பேசிட்டு இருந்தேன். இப்போ எனக்கும் சேர்த்து இவ பேசுறா" என்றான். பிறகு நீதிபதியிடம் திரும்பினான். "இன்னிக்கு வேண்டாம் ஐயா. கை வலிக்குது."

எழுத்தர் புதிய தாளை மறுபடி உறைக்குள் செருகினார். எழுதி முடித்திருந்த தாளை நீதிபதி வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அடுத்த தேதி நவம்பர் பதினெட்டு.

வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் தெங்கிஸ் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். அவரை விசாரிக்க ஒரு காவலர் வந்துகொண்டிருந்தார்.

"நீ என்ன அவன்கூடப் பொறந்தவளா, என்கூடப் பொறந்தவளாடீ? யாருக்காக இதைப் பண்ணேன் நான்?"

"எனக்காகத்தான். தெரியும்ணே."

"அப்புறம் ஏன்?"

அவள் ஏற்கெனவே சொன்ன பதிலையே மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது; காவலர் நெருங்கியதும் விலகி நின்றாள். தெங்கிஸ் அதன்பின் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அஷ்தோது பேருந்து நிலையத்தில் அல்பேர் காத்திருந்தார். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். தலையில் எண்ணெய் தேய்த்து வாரியிருந்தார்.

"ஆச்சா?"

"இல்ல."

"வரலையா அவன்?"

"வந்தான். குடுக்கத்தான் நீட்டினான். நான் வாங்கல."

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடித்ததும் கேட்டார்: "சும்மா இருந்திருக்கலாமே லமாரா. நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேனே."

"நீங்க கேக்க மாட்டீங்க. அது வளர்ந்து கேக்கும். நமக்குப் பொறக்கிறதுக்காகத்தான் சொன்னேன்."

"அது பொறக்கவே போறதில்லையே இப்போ."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு தானே திடுக்கிட்டு, அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் விட்டார். கிர்யாத் மலாகி பேருந்து வந்தது. அது அவர் ஊருக்குப் போவது. அதை விட்டார். அரை மணி நேரத்தில் இன்னொன்று வந்தது.

"ஏறிப் போங்க. நவம்பர் வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாம்" என்றாள்.

"அதை நீ எனக்குச் சொல்லாத."

"யாராவது சொல்லணும்ல."

மூன்றாம் பேருந்தில் அவர் ஏறினார். ஆகஸ்டில் கிர்யாத் மலாகியிலேயே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சலவைக்கூடத்தை விட்டுப் போனார். போகும் முன் உலர்த்திகள் ஐந்தையும் கழற்றித் துடைத்து மாட்டினார் என்று சக பெண்கள் சொன்னார்கள். லமாரா அன்று விடுப்பில் இருந்தாள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி அவள் மன்றத்துக்குச் சென்றாள். குராம் வரவில்லை. அவன் வழக்கறிஞர் மருத்துவச் சான்று ஒன்றைக் கொடுத்தார். எழுத்தர் நாட்குறிப்பைப் புரட்டி, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்குமுன்பே அவள் எழுதிக்கொண்டாள். அவளுடைய நாற்பதாம் பிறந்தநாள் ஜனவரியில்; மருத்துவர் சொன்ன இரண்டாண்டு முடிவது பிப்ரவரியில்.